பன்னிரண்டு அங்குலம்

ஒடீல் பாஷியாவின் வீட்டு முன்நிலத்தை
இன்று நான் தோண்டி எடுக்கிறேன்.
பன்னிரண்டு அங்குலம்.
பதின்மூன்றாவது அங்குலத்துக்கு
அரசாங்கம் டீசல் காசு தராது.

ஏப்ரலில் மண்ணைச் சோதித்துப் போனவர்கள்
கதவிடுக்கில் ஒரு கடிதம் செருகியிருந்தார்கள்.
ஈயம் பூசின மாதிரியும்
பூசாத மாதிரியும் எழுதிய கடிதம்:
ஆபத்து என்று சொல்வதற்கில்லை, ஆனால்
பிள்ளைகள் தரையில் உட்கார வேண்டாம்.
கிணற்று நீரில் குளிக்கலாம், குடிக்க வேண்டாம்.
திங்கள்தோறும் பிளாஸ்டிக் குடுவையில் தண்ணீர் வரும்.

மூன்று அங்குலம் வரை புல்வேர், பீர் மூடி,
பொம்மை லாரியின் ஒற்றைச் சக்கரம்.
நாலாவதில் சாம்பல் நிறச் சரளை.
மிசௌரியின் இந்தக் கவுண்டியில்
அதைத் தெரியாதவர் இல்லை.
ஆலை அரைத்துத் துப்பிய சக்கை.
மலையாகக் குவிந்தபோது கம்பெனி சொன்னது:
வேண்டியமட்டும் அள்ளிக்கொள்ளுங்கள், இலவசம்.
அள்ளினோம்.
பாதையில் கொட்டினோம், பள்ளி மைதானத்தில் கொட்டினோம்,
தேவாலயப் படிக்குச் சிமெண்டில் கலந்தோம்,
குழந்தைகளுக்கு மணல்தொட்டி நிரப்பினோம்.
கொடுத்துப் பழகாத கம்பெனி
கொடுத்த ஒரே பொருள் அது.

அதற்கும் கீழே போக எனக்கு அனுமதியில்லை.
போனால் இருப்பார்கள்:
டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி
மாலையே கம்பெனிக் கடையில்
மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் திருப்பிக் கொடுத்தவர்கள்.
அவர்களுக்கடியில்
இரண்டு படைக்கும் குண்டு வார்த்தவர்கள்.
இன்னும் அடியில்
வெள்ளி தேடி வந்து
ஈயத்தைப் பார்த்து இளித்த பிரெஞ்சுக்காரர்கள்.
அவர்கள் படகில் ஏற்றி வந்த கறுப்பு மனிதர்கள்:
ஈயக்கட்டிக்கு முத்திரை உண்டு, எடை உண்டு;
இவர்களுக்குத் தலைக்கணக்கு மட்டும்.
எல்லாருக்கும் அடியில்,
அந்தக் கல்லுக்கு ஓசேஜ் மக்கள் வைத்திருந்த சொல்.
எனக்கு அது தெரியாது.

ஒடீல் வெளியே வந்து கையை உயர்த்தினாள்.
இயந்திரத்தை நிறுத்தினேன்.
"அந்தப் பியோனிச் செடி" என்றாள்.
செடி உங்களுடையது, மண் எங்களுடையது என்றேன்.
குந்தி உட்கார்ந்து வேரை அலசினோம்,
குடிக்க வந்த தண்ணீரில்,
மூன்று குடுவை.
கலங்கலை வாளியில் பிடித்து
அதையும் லாரியில் ஊற்றினேன்.
விதி அப்படி.

அலசும்போதுதான் சொன்னாள்:
"என் தம்பி ஒசேம் நாள் முழுக்க அந்த மலையில்
அட்டைப்பெட்டி போட்டுச் சறுக்குவான்.
காது, மூக்கு, சட்டைப்பை எல்லாம் சரளை.
அவனுக்கு எழுத்து ஏறவில்லை.
ஆசிரியை அவனை மரமண்டை என்றாள்.
நாங்களும்தான்."
வேரைத் திருப்பிப் பார்த்தாள்.
"அப்போது யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்?"

பிறகு,
"கல்லறைத் தோட்டத்தையும் தோண்டுவீர்களா?"
பிள்ளைகள் விளையாடுகிற இடம் மட்டும்தான் என்றேன்.
"அப்படியா" என்று
செடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலு மணிக்குக் குழியின் தரையில்
ஆரஞ்சு வலையை விரித்து ஆணி அடித்தேன்.
இதற்குக் கீழே தோண்டாதே என்று அர்த்தம்.
வலையில் ஒரு எழுத்தும் கிடையாது.
நிறம் போதும்,
படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்.
அதன்மேல் அடுத்த கவுண்டிப் பண்ணையின்
கறுத்த, வாசமுள்ள மண்.

அள்ளியதை எங்கே கொட்டுகிறோம் என்று
யாரும் கேட்பதில்லை.
அதே மலையில்தான்.

பூட்ஸைக் கழுவி, கையெழுத்துப் போட்டு,
இருட்டிய பின் வீடு திரும்பினேன்.
என் வீட்டுப் பாதையில் சக்கரம் ஏறும்போது
நொறுநொறுவென்று
சின்ன வயதிலிருந்து கேட்கிற சத்தம்.
படிவம் சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது.
இன்னும் நிரப்பவில்லை.